வில்லையின் பின்புறம்

ஆரணியில் நெசவாளர் தெருவில் குடியிருப்பவர்கள் எதையும் இரகசியமாக வைத்துக்கொள்வது கடினம். வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டிப் பாவைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள். இரு பக்கத்துத் திண்ணைகளிலும் ஆட்கள் இருப்பார்கள். யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பது நான்கைந்து வீடுகளுக்காவது தெரிந்துவிடும். அறுவை முடிந்து அப்பா வீடு திரும்பிய மூன்றாம் நாள், அதிகாலை மூன்று மணிக்கு, அம்மா பின்கட்டில் விளக்குப் போடாமல் போர்வையை அலசிக்கொண்டிருந்தது இதனால்தான். நாங்கள் விழித்துக்கொண்டது தண்ணீர்ச் சத்தத்தில் அல்ல; நாற்றத்தில்.

அன்றுதான் முதல் கசிவு. அடுத்த பதினைந்து நாட்களில் பதினொரு முறை கசிந்தது.

இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் கதைகளில் நோய்க்குத் தாராளமாக இடமுண்டு. இருமுகிறவர்கள் உண்டு, இரத்தம் கக்கிச் சாகிறவர்கள் உண்டு. மலத்துக்கு மட்டும் இடமில்லை. வந்தாலும் வசையாகவோ கேலியாகவோதான் வரும். அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

அப்பாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் வாய்வு என்று எண்ணிச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை, மூன்றாம் நாள் வேலூருக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே அறுவை நடந்தது. கட்டியோடு பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். மருத்துவர்கள் இதை இலியாஸ்டமி என்கிறார்கள். பெருங்குடலை இப்படி வெளியே கொண்டுவந்தால் கோலாஸ்டமி. வெளியே தெரியும் அந்தச் சிவந்த முனைக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் வாய் என்று பொருள். கன்னத்தின் உட்புறத்தைப் போல எப்போதும் ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது இரத்தம் சற்றுக் கசிவதும் இயல்பே. திறந்து மூடும் தசை அதற்குக் கிடையாது. ஆகவே, வருவது வந்துகொண்டேயிருக்கும். அதை ஏந்த ஒரு பை வேண்டும். தோலில் ஒட்டும் வட்டமான வில்லை ஒன்று, அதன்மேல் பொருந்தும் பை ஒன்று. மருத்துவமனையில் பிளேட்டு என்பார்கள். எங்கள் வீட்டில் வில்லை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கோலாஸ்டமிக்காரர்களுக்குக் கழிவு பெரும்பாலும் ஓரளவு இறுகி வரும். சிறுகுடலிலிருந்து வருவது கஞ்சி போன்றது. அதில் உணவைச் செரிக்கும் நொதிகள் கலந்திருக்கின்றன. சோற்றைக் கரைக்கும் அந்த நீர் தோலையும் அரிக்கத் தொடங்கும். வில்லையின் அடியில் ஓரிடத்தில் புகுந்துவிட்டால் முதலில் அரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு புண். புண்ணான தோல் ஈரம் கசியும். ஈரத்தில் அடுத்த வில்லை ஒட்டாது. ஒட்டாததால் மீண்டும் கசியும். இந்தச் சுழலுக்குள் நாங்கள் விழுந்தோம்.

விழுந்தவர்கள் செய்யக்கூடாத அத்தனையையும் செய்தோம். கசிந்த ஓரத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். கசிவு நின்றதாகத் தோன்றியது. உண்மையில் அது வெளியே வர வழியின்றி உள்ளேயே தங்கித் தோலைத் தின்றது. புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினோம். எண்ணெய்ப் பிசுக்கில் அடுத்த வில்லை இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். பையின் விலை சில நூறு ரூபாய் என்பதால், முக்கால் பங்கு நிறையும்வரை காலி செய்யாமல் வைத்திருந்தோம். நிறைந்த பையின் கனம் வில்லையைப் பிடித்து இழுக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்பா தம் பங்குக்கு ஒன்று செய்தார், எங்களுக்குத் தெரியாமல். சாப்பிடுவதைக் குறைத்தார், தண்ணீரையும் குறைத்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு தவறு. நீரை உறிஞ்சிக்கொள்ளும் பெருங்குடல் இல்லாதவருக்கு, உடலின் நீரும் உப்பும் பை வழியாகப் போய்க்கொண்டேயிருக்கும். குடிக்காமலிருந்தாலும் முழுதாக நிற்காது. ஒரு நாள் மாலை பின்கட்டுக்குப் போனவர் துணி துவைக்கும் கல்லருகே சாய்ந்து கிடந்தார். நாக்கு உலர்ந்திருந்தது. சிறுநீர் காலையிலிருந்து கழிக்கவில்லை. ஓர் இரவு முழுவதும் சலைன் ஏற்றவேண்டியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார். ஒரு மனிதர் போர்வை நனையுமே என்ற வெட்கத்தில் உயிரை விடப் பார்த்திருக்கிறார்; நாங்கள் பக்கத்திலேயே இருந்தும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஆயுத பூஜை வந்தது. தறிக்கு மஞ்சள் குங்குமம் வைக்க அப்பா வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவர் தவறவிட்டதே இல்லை.

"வயித்துல இதை வச்சிக்கிட்டுத் தறியைத் தொடறதா?" என்றார்.

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மூணு பிள்ளைங்களுக்குக் கால் கழுவிட்டு அதே கையாலதான் இழை சுத்திக் குடுத்தேன். நீங்களும் அதைத்தானே நெய்தீங்க? அன்னைக்கு இல்லாத தீட்டு இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

அப்பா பதில் சொல்லவில்லை, தறிக்கும் போகவில்லை.

அடுத்த மறுபரிசோதனையின்போது, ஸ்டோமா பராமரிப்புக்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரிடம் அனுப்பினார்கள். நாங்கள் எங்கள் துயரக் கதையை விரிவாகச் சொல்ல ஆயத்தமாகியிருந்தோம். அவர் கதை கேட்கவில்லை. அப்பா அணிந்திருந்த வில்லையை ஈரத்துணியால் தோலை அழுத்திக்கொண்டே மேலிருந்து கீழாக மெல்ல உரித்தார். குப்பையில் போடுவார் என்று பார்த்தால், அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கழட்டினதும் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

ஆம் என்றோம்.

"இனிமே போடாதீங்க. மொதல்ல பின்பக்கத்தைப் பாருங்க. எங்கே கசிஞ்சதுன்னு அதுவே சொல்லும். ஐயா, நீங்களும் பாருங்க."

வில்லையின் ஒட்டும் பக்கம் முழுவதும் பழுப்பாக இருக்கவில்லை. நடுத்துளையைச் சுற்றி ஒரு வளையமாக அரித்துக் கரைந்திருந்தது. அது ஒரு குறை. அந்த வளையத்திலிருந்து கீழ்ப்புறமாக, கடிகாரத்தில் ஏழு இருக்கும் திசையில், ஓரம்வரை ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. அது வேறொரு குறை. இரண்டுக்கும் காரணங்கள் வேறு என்றார்.

வளையத்துக்குக் காரணம் துளை பெரிதாக இருந்தது. அறுவை முடிந்தவுடன் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரங்களில் படிப்படியாகச் சுருங்கும். நாங்களோ முதல் வாரத்து அட்டையை வைத்தே துளை வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் அளவு அட்டையை வைத்துப் பார்த்தபோது முப்பத்தாறு மில்லிமீட்டர் இருபத்தெட்டாகியிருந்தது. மீதி இடத்தில் தோல் மூடப்படாமல் நாள் முழுதும் கழிவில் ஊறியிருக்கிறது. ஸ்டோமாவின் விளிம்புக்கும் துளைக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இரண்டு மாதம்வரை வாரந்தோறும் அளக்கவேண்டும்.

வாய்க்காலுக்குக் காரணம் உடனே தெரியவில்லை. அப்பாவைப் படுக்கச் சொன்னார். வயிறு சமமாக இருந்தது. நிற்கச் சொன்னார், அப்போதும் குறை தெரியவில்லை. பிறகு கேட்டார்: "ஐயா என்ன வேலை செய்றீங்க?"

"பட்டுத்தறி. இப்ப இல்லை."

"தறியில எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க."

அப்பா கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, கால்களைத் தறிக்குழியில் தொங்கவிடுவதைப் போலத் தொங்கவிட்டு, முன்னால் சாய்ந்தார். அந்தக் கணம் ஸ்டோமாவுக்குக் கீழே, ஏழு மணித் திசையில், தோல் மடிந்து ஒரு பள்ளம் விழுந்தது. நாங்கள் அதுவரை அவரைப் படுக்க வைத்தே வில்லையை ஒட்டியிருந்தோம். அவரோ பகலில் பெரும்பகுதி முன்னால் குனிந்துதான் அமர்ந்திருப்பார். பள்ளத்தின்மேல் பாலம் போல நின்ற வில்லையின் அடியில் கழிவு தன் வழியைக் கண்டுகொண்டிருக்கிறது.

அப்பா அந்த வில்லையைக் கையில் வாங்கிக்கொண்டார். வீடு திரும்பும் பேருந்தில், கண்ணமங்கலம் தாண்டிய பிறகுதான் பேசினார். "துணியில நீளத்துக்குக் கோடு விழுந்தா பாவுல கோளாறு; இல்லாட்டி அச்சுப் பல் வளைஞ்சிருக்கும். குறுக்கால விழுந்தா ஊடையில கோளாறு. அடி சரியா விழலை. துணியைப் பார்த்தா தறியில எங்கே கோளாறுன்னு தெரியும். இதுவும் அப்படித்தான்." அறுவைக்குப் பிறகு அவர் தொடர்ந்து இவ்வளவு பேசியது அன்றுதான்.

இந்தப் பையின் வரலாற்றைப் பின்னர்தான் படித்தோம். அதன் தொடக்கத்திலும் ஒரு குடும்பமும் ஒரு கசிவும் இருந்தன என்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற செவிலியரின் தங்கை தோராவுக்கு இதே போன்ற அறுவை நடந்தது. கசியுமோ என்ற பயத்தில் தங்கை வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். அதைக் காணப் பொறுக்காமல், தோலில் ஒட்டிக் கழற்றி எறியக்கூடிய பையை 1954இல் எலிசே எண்ணிக் கண்டார். பிளாஸ்டிக் உற்பத்தியாளரான ஆகே லூயி-ஹான்சன் முதலில் மறுத்துவிட்டார். செவிலியராகப் பயிற்சி பெற்றிருந்த அவர் மனைவி யோகன்னே எடுத்துச் சொன்ன பிறகே இணங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1952இல், பிரையன் புரூக் என்ற ஆங்கிலேய மருத்துவர், குடல் முனையைச் சட்டைக் கைமடிப்பைப் போல வெளிப்புறம் மடித்துத் தைக்கும் முறையை விவரித்திருந்தார். முனை சற்று நீண்டிருந்தால் கழிவு தோலில் வழியாமல் பைக்குள் விழும். அப்பாவின் வயிற்றில் இருப்பதும் அந்த மடிப்புதான்.

அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் தோலைக் காக்கப் பயன்படுத்தியது கராயா என்னும் கோந்து. நம் நாட்டின் வறண்ட மலைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது, ஈரத்தோலிலும் ஒட்டக்கூடியது. அவரிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியை, மற்ற நோயாளிகளுக்குக் கற்பிக்க 1958இல் பணியமர்த்தினார். இந்தப் பராமரிப்பு தனித்துறையானது அவரிலிருந்துதான். எங்கள் செவிலியர் அந்த வழியில் வந்தவர். வில்லையைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல, முதலில் அதைத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்ட ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். நம் நாட்டிலும் 1975இலேயே மும்பையில் இப்படிப்பட்டவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாமல் போனதற்குத் தூரம் மட்டும் காரணமல்ல. நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டு முறை இது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம். மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று அல்ல.

வில்லையை மாற்றுவது விடிகாலையில், ஒன்றும் சாப்பிடுவதற்கு முன். அப்போதுதான் கழிவு குறைவாக வரும். தோலை வெறும் வெந்நீரால் துடைத்து, ஒற்றி உலர்த்துகிறோம். எண்ணெய், களிம்பு, பிசுக்கு விடும் சோப்பு எதுவும் இல்லை. புண் இருந்தால் ஸ்டோமாவுக்குரிய பொடியை மட்டும் மெல்லத் தூவி, மிகுதியைத் தட்டிவிடுகிறோம். அப்பாவை முதலில் தறியில் அமர்வதைப் போல அமரச் செய்து பள்ளத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் மட்டும் பசையை நிரப்புகிறோம். அது ஒட்டுவதற்கான பசை அல்ல, மேடு பள்ளம் சமன் செய்யும் பூச்சு என்று புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. வில்லையை உள்ளங்கைகளுக்கிடையே சற்று நேரம் வைத்துச் சூடேற்றி ஒட்டியபின், ஐந்து நிமிடம் கையை அதன்மேல் பொத்தி வைக்கிறோம். உடல்சூட்டில்தான் அது தோலோடு படியும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்கிறார். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, கசிந்தாலும் கசியாவிட்டாலும், வில்லையை மாற்றுகிறோம். கத்திரி வெயிலில் வியர்வையால் இரண்டு நாள்கூட நிற்காது. அதற்கேற்பக் கணக்கிட்டு வாங்குகிறோம். அரிப்போ எரிச்சலோ தோன்றினால் நாற்றம் வரும்வரை காத்திருப்பதில்லை, உடனே கழற்றிவிடுகிறோம். மேலே பிளாஸ்திரி ஒட்டுவது அறவே இல்லை.

சாப்பாட்டை இப்போது குறைப்பதில்லை. சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசி ஆகியவை கழிவைக் கெட்டியாக்குகின்றன. தேங்காய்ச் சில்லு, நார்மிகுந்த காய்கள் ஆகியவற்றை நன்றாக மென்று சிறிதளவே உண்கிறார், இல்லையேல் அடைத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை வெளியேறுவது வழக்கம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே மருத்துவரை அழைக்கிறோம். ஸ்டோமா கறுத்தாலோ, சில மணி நேரம் ஒன்றும் வராமல் வயிறு வலித்து வாந்தி எடுத்தாலோ, இரத்தம் நில்லாமல் வந்தாலோ தாமதிக்கக்கூடாது என்று தாளில் எழிதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அப்பாவிடம் கூலிக்கணக்கு எழுதும் பழைய நோட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில், கழற்றிய ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு வட்டம் வரைந்து, அரித்த இடத்தைக் கரிக்கோலால் தீட்டிவைக்கிறார். முதல் பக்கத்து வட்டங்களில் பாதிக்குமேல் கறுப்பு. அளவும் பள்ளமும் சரியானபின் கறுப்பு குறைந்துகொண்டே வருகிறது. முற்றிலும் வெள்ளையாக வட்டம் ஒன்று விழுந்த அன்று அவர் அதை எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கொண்டுவந்து காட்டினார்.

மிஞ்சியது தறி. குழித்தறியில் நெய்பவரின் வயிற்றுக்கு நேராக, நெய்த துணியைச் சுருட்டும் படமரம் குறுக்கே கிடக்கும். சாய்ந்து நெய்யும்போது அது அழுத்தும் இடத்தில்தான் அப்பாவின் ஸ்டோமா இருக்கிறது. திட்டமிட்டுச் செய்யும் அறுவையானால், முன்கூட்டியே நோயாளியை நிற்க, அமர, குனியச் செய்து ஸ்டோமாவுக்கு இடம் குறிப்பார்கள். அவசர இரவில் அதற்கு நேரமில்லை. இப்படி ஓர் அறுவைக்குப் போகும் நெசவாளி யாராயினும், தாம் எப்படி அமர்ந்து வேலை செய்கிறோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

தை பிறந்ததும் மருத்துவர் அனுமதித்தார். கனம் தூக்கக்கூடாது, குடலிறக்கம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையோடு. அப்பா உட்காரும் பலகையின்மேல் இன்னொரு பலகையை வைத்து நான்கு விரற்கடை உயர்த்திக்கொண்டார். படமரம் ஸ்டோமாவுக்குக் கீழே போயிற்று. பை மடியில் தொங்காமல் வலத்தொடைப் பக்கம் சாய்வாக விழும்படி ஒட்டினோம். உயரத்துக்கேற்ப மிதியின் கயிற்றையும் மாற்றிக் கட்டவேண்டியிருந்தது. இவ்வளவும் செய்தபின்னும், பட்டில் ஒரு துளி பட்டால் சேலையே போய்விடும் என்ற பயம் அவரை விடவில்லை. முதல் வாரம் அரைமணிக்கொருமுறை எழுந்துபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டார். முன்பு இரண்டு வாரத்தில் இறக்கும் சேலைக்கு ஏறக்குறைய ஆறு வாரமாயிற்று.

அந்தச் சேலையில் ஒரு கறையும் படவில்லை. ஆனால் கசிவு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். மாதம் ஒருமுறையாவது கசிகிறது. ஒருமுறை தறியில் இருக்கும்போதே எரிச்சல் தெரிந்து, நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அம்மா வெந்நீர் வைத்தாள்; நாங்கள் துளை வெட்டினோம்; முக்கால் மணி நேரத்தில் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அன்று யாரும் விளக்கை அணைக்கவில்லை. போர்வையும் வேட்டியும் இப்போது வாசல் கொடியிலேயே காய்கின்றன. தெருவுக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் சென்ற மாதம் எஸ்.வி. நகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அறுவை முடிந்து இருபது நாளாயிற்றாம். அவர் திண்ணையில் ஏறாமல், இடுப்பைத் துண்டால் மறைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். என்னென்னவோ சொல்ல அந்தப் பெண் வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, மாடத்திலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார்.

"உள்ள வாங்க தம்பி," என்றார். "கடைசியாக் கழட்டின வில்லையை வச்சிருக்கீங்களா, போட்டுட்டீங்களா?"